மேம்பாலத்துக்குக் கீழே இரட்டை சிக்னல்: வாளையார் வழியே போய்வருவோர் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் தொடங்கி கோவை, வாளையார், பாலக்காடு, திருச்சூர் வழியாக இடப்பள்ளி வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 544. அகலப்படுத்தப்பட்ட இதுபோன்ற சாலைகளில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு ஒன்று உண்டு. நெடுஞ்சாலை மேலே பாலத்தில் போகும். ஊர்ச்சாலை அடியில் குறுக்கே போகும். இருபக்கமும் சர்வீஸ் ரோடு. பாலத்துக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் இரண்டு சந்திப்புகள். இதற்கு சிக்னல் நேரம் வைப்பது சாதாரண நாற்சந்திக்கு வைப்பதைவிட வேறுவிதமான வேலை.

வாளையாரில் இருக்கும் தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இரண்டு பக்கத்து மக்களும் சாதாரணமாக வைக்கும் கோரிக்கை, "எங்கள் பக்கம் பச்சையைக் கூட்டுங்கள்" என்பதுதான். பெரும்பாலான இடங்களில் அந்தக் கோரிக்கை நெரிசலைக் கூட்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கேள்வி பதிலாகவே சொல்கிறேன்.

எனக்குப் பச்சை எரிகிறது. ஆனால் முன்னால் நகர இடமில்லை. இது என்ன கணக்கு?

எல்லாவற்றுக்கும் மூலமான கேள்வி இது. பதில், பாலத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் இருக்கிறது.

இரண்டு சிக்னலுக்கும் நடுவே 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கும் ஒரு கார், முன்வண்டியோடு விடும் இடைவெளியையும் சேர்த்து, ஆறரை மீட்டர் பிடிக்கும். ஒரு தடத்தில் 9 கார் நிற்கலாம். பொள்ளாச்சியிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ காய்கறி ஏற்றி வரும் லாரி என்றால் 5 நின்றாலே அதிகம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு வரும் நீளமான டிரெய்லர் என்றால் மூன்று.

பச்சை விழுந்து ஓட்டம் சீரானபின் ஒரு தடத்தில் சுமார் 2 விநாடிக்கு ஒரு கார் கோட்டைத் தாண்டும். அதாவது 20 விநாடியில் 10 கார் உள்ளே வந்துவிடும். எதிரே இரண்டாவது சிக்னல் அதே நேரத்தில் சிவப்பாக இருந்தால் அதற்குள் நடு இடம் நிரம்பிவிட்டது. அதற்குப்பின் எரியும் ஒவ்வொரு விநாடிப் பச்சையும் வீண். வீண் என்பதோடு நிற்பதும் இல்லை. உள்ளே மாட்டிய வண்டிகளின் வால் முதல் சந்திப்பிலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்துப் பச்சை பெறும் சர்வீஸ் ரோட்டு வண்டிகள் அந்த வாலில் முட்டி நிற்கும். இப்போது நான்கு பக்கமும் பச்சை மாறி மாறி எரியும், யாரும் நகரமாட்டார்கள்.

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்திருக்காமல் அடுத்த பந்திக்குக் கதவைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. வாசலை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதைவிட, உள்ளே இருப்பவர்கள் எப்போது வெளியே போகிறார்கள் என்பதே முக்கியம்.

அப்படியானால் தீர்வு?

இரண்டு சிக்னலுக்கும் ஒரே கடிகாரம். ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டையும் ஓட்டினால் இன்னும் நல்லது. எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடிவது ஒரு சுற்று. தனித்தனிப் பெட்டியாக இருந்தால், ஒன்று 90 விநாடிச் சுற்றிலும் மற்றொன்று 100 விநாடிச் சுற்றிலும் ஓடும்போது, காலையில் பொருந்தியிருந்தது பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். சுற்று நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி.

அடுத்தது, எந்த வரிசையில் பச்சை கொடுப்பது. இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கேயும் நெடுஞ்சாலையின் இருபக்கமும் நம்மைப் போலவே சர்வீஸ் ரோடு ஓடுகிறது. அங்கே உருவான நான்கு கட்ட முறையில் (ஒரு தடவை பச்சை கொடுப்பது ஒரு கட்டம்), வெளியிலிருந்து வரும் நான்கு பக்கங்களும் (ஊர்ச்சாலையின் இரண்டு முனை, சர்வீஸ் ரோடு இரண்டு) முறை வைத்துப் பச்சை பெறும். உள்ளே நுழைந்தவர் இரண்டு சிக்னலையும் நிற்காமல் கடந்து வெளியே போய்விடுவார். பாலத்தடியில் யாரும் தங்குவதில்லை. நடு இடம் குறுகலாக உள்ள நம் ஊர்ப் பாலங்களுக்கு இதுவே பொருந்தும்.

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. ஊர்ச்சாலையிலிருந்து புறப்பட்ட வண்டி 60 மீட்டரைக் கடந்து இரண்டாவது சிக்னலை அடைய, 30 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 7 விநாடி ஆகும். அந்த 7 விநாடியும் இரண்டாவது சந்திப்பு காலியாகத்தான் கிடக்கும். அங்கே நிற்கும் சர்வீஸ் ரோட்டுக்கு அந்த நேரத்தில் பச்சையை நீட்டிக்கொடுக்கலாம். ஒரு சுற்றில் இப்படி இரண்டு தடவை நேரம் மிச்சமாகும். சாலையை ஒரு அடிகூட அகலப்படுத்தாமல் கிடைக்கும் பச்சை இது.

நடு இடம் தாராளமாக இருந்தால் மூன்று கட்டமே போதும். ஊர்ச்சாலையின் இரண்டு முனைக்கும் ஒன்றாகப் பச்சை, பிறகு சர்வீஸ் ரோடு இரண்டுக்கும் ஒன்றாக, கடைசியில் உள்ளே காத்திருக்கும் வலது திரும்பல்களை வெளியேற்ற ஒன்று. இடம் இல்லாத பாலத்தில் இதைப் போட்டால் முதல் கேள்வியில் சொன்ன நிலைதான் வரும்.

சுற்று நேரத்தை 180 விநாடியாக்கினால் எல்லோருக்கும் நிறையப் பச்சை கிடைக்காதா?

கிடைப்பது போலத் தோன்றும். ஒவ்வொரு முறை பச்சை கை மாறும்போதும் சுமார் 4 விநாடி வீணாகிறது. முதல் வண்டி கிளம்பும் தயக்கமும், கடைசி வண்டி கடக்கும்வரை காக்கும் நேரமும் சேர்ந்தது இது. நான்கு கட்டம் என்றால் சுற்றுக்கு 16 விநாடி போய்விடும். 60 விநாடிச் சுற்றில் மீதி 44, அதாவது 73 சதவீதம்தான் பயன்படும். 120 விநாடியாக்கினால் 87 சதவீதம். நல்ல லாபம். 180 ஆக்கினால் 91. மேலும் ஒரு நிமிடம் எல்லோரையும் வெயிலில் நிறுத்தி வைத்து நாம் பெற்றது 4 சதவீதம். அதற்குள் வரிசை நீண்டு நடு இடத்தையும் அடைத்துவிட்டால் அந்த 4-ம் போச்சு.

பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த வெப்ஸ்டர் 1958-ல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். உலகம் முழுக்க இன்றும் முதல் கணக்கு அதில்தான் தொடங்குகிறது. ஒரு சுற்றில் வீணாகும் மொத்த விநாடியை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வரும் வண்டிக்கும் அந்தச் சாலையால் அதிகபட்சம் விடமுடிந்த வண்டிக்கும் உள்ள விகிதங்களைக் கூட்டி, அதை 1-லிருந்து கழிக்க வேண்டும். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால் சரியான சுற்று நேரம்.

நான்கு கட்டம், வீண் 16 விநாடி, விகிதக் கூட்டல் 0.8 என்றால் 29-ஐ 0.2-ஆல் வகுக்க 145 விநாடி. இரண்டே கட்டமாக்க முடிந்து, வீண் 8 ஆகவும் விகிதம் 0.6 ஆகவும் இறங்கினால் 17-ஐ 0.4-ஆல் வகுக்க 43 விநாடிகூட முழுசாக வரவில்லை. அதே சாலை, அதே வண்டிகள். கட்டத்தைக் குறைப்பதுதான் பெரிய மருந்து என்று நான் அடித்துச் சொல்வது இந்தக் கணக்கை நம்பி.

கட்டத்தை எப்படிக் குறைப்பது? வலது திரும்புகிறவர் எங்கே போவார்?

இடது பக்கம் ஓட்டும் நாட்டில் வலது திரும்பல்தான் சிக்கல். எதிரே வருகிறவரின் பாதையை வெட்டிப் போக வேண்டும். வழக்கத்துக்கு மாறான சந்திப்பு வடிவங்கள் எல்லாமே இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கப் பிறந்தவை.

அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பக்கம் மாறும் வைரச் சந்திப்பு. ஊர்ச்சாலையில் வருகிறவர்கள் முதல் சிக்னலில் சாலையின் வலது பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். பாலத்தடியில் முழுக்க வலது பக்கமாகவே ஓடி, இரண்டாவது சிக்னலில் மறுபடி இடது பக்கம் வந்துவிடுவார்கள். நடுவில் வலது பக்கம் இருக்கும்போது நெடுஞ்சாலைக்கு ஏற வேண்டியவர் எதிர் வண்டி எதையும் வெட்டாமல் அப்படியே வலது திரும்பி ஏறிவிடலாம். ஆக, ஒவ்வொரு சிக்னலுக்கும் இரண்டே கட்டம்: இந்தத் திசை கடக்கும், பிறகு எதிர்த்திசை கடக்கும். பிரான்சில் வெர்சாய் அருகே 1970-களிலேயே இப்படி ஒன்று இருந்தது. 2000-ல் அமெரிக்க மாணவர் கில்பர்ட் க்லெவிக்கி தாமாகவே இதே வடிவத்தைச் சிந்தித்து, 2003-ல் கட்டுரையாக எழுதினார். இந்த வகையில் அமெரிக்காவின் முதல் சந்திப்பு மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 2009-ல் திறக்கப்பட்டது. இருந்த பாலத்தையே வைத்துக்கொண்டு செய்தார்கள். புதுப் பாலம் கட்டும் செலவு இல்லை.

நேரம் வைப்பதில் இதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரு திசைக்கும் ஒருசேர முழுப் பச்சை அலை, அதாவது இரண்டு சிக்னலையும் நிற்காமல் கடக்கும் பச்சை, கொடுக்க முடியாது. சிக்னல்களுக்கு நடுவே 150 மீட்டர், 40 கிலோமீட்டர் வேகம் என்றால் பயணம் 13 அல்லது 14 விநாடி. கிழக்கே போகிறவருக்குக் கச்சிதமாகப் பொருத்தினால், மேற்கே வருகிறவருக்கு அதன் இருமடங்கு, 27 விநாடி பொருத்தம் தவறும். ஆகவே காலையில் கோவைப் பக்கம் போகும் கூட்டத்துக்கு ஒரு பொருத்தம், மாலையில் திரும்பும் கூட்டத்துக்கு இன்னொரு பொருத்தம் என்று வைக்க வேண்டும்.

நம் ஊரில் இது நடக்குமா? டூவீலர்காரர்கள் கேட்பார்களா?

நியாயமான பயம். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவது நம்மிடம் அன்றாடப் பழக்கம். பக்கம் மாறும் இடத்தில் அதே பழக்கத்தோடு வந்தால் நேருக்கு நேர் மோதல். நடுவே உயரமான தடுப்பு, தரையில் தடத்தைக் காட்டும் அம்பு, இரவில் நல்ல வெளிச்சம், எதிரே வரும் விளக்கை மறைக்கும் தட்டி, இவை நான்கும் இல்லாமல் இதைத் திறக்கக் கூடாது. இருந்தால் திறக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். வளைவான தடுப்பு வண்டியைத் தானாகவே சரியான பக்கம் தள்ளிவிடும். பெயிண்ட் கோட்டை மட்டும் நம்பினால் முதல் மழையிலேயே அழிந்துவிடும்.

ஒரே புள்ளிச் சந்திப்பு என்கிறார்களே, அது என்ன?

இரண்டு சிக்னலையும் பாலத்தின் நடுவே ஒன்றாகக் குவித்துவிடுவது. 1974-ல் ஃப்ளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டரில் முதலில் வந்தது. மூன்று கட்டம் போதும், நடுவே மாட்டும் பிரச்சினையே இல்லை. ஆனால் சந்திப்பு மிக விரிந்துவிடும். கடக்கும் தூரம் 60 மீட்டர் என்றால், 6 மீட்டர் நீள வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக வெளியேற 8 விநாடி வேண்டும். சாதாரணச் சந்திப்பில் 3 முதல் 4 விநாடி போதும். கருங்கல் ஏற்றிய டிப்பர் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் சுமார் 12 விநாடி. அந்த நேரம் முழுக்க எல்லாப் பக்கமும் சிவப்பு. பாரவண்டி மிகுந்த நம் சாலைக்கு இது சரிப்பட்டு வராது.

எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கிறதே, பழுதா?

இல்லை. மேலே சொன்ன வெளியேறும் நேரம்தான் அது. தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள். சந்திப்புக்குள் இன்னும் ஒரு வண்டி இருக்கிறது என்று அர்த்தம்.

மஞ்சள் எல்லா இடத்திலும் 3 விநாடிதானே?

அப்படி வைத்திருப்பதுதான் தவறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் வரும் காருக்கு 3.3 விநாடி போதும்: ஓட்டுநர் உணர 1 விநாடி, மிச்சம் நிதானமாகப் பிரேக் பிடிக்க. பாலத்திலிருந்து 4 சதவீதச் சரிவில் இறங்கினால் 3.7. பாரம் ஏற்றிய லாரி அதே சரிவில் இறங்கினால் 5 விநாடிக்கு மேல் வேண்டும். குறைவான மஞ்சளில் அந்த ஓட்டுநருக்கு நிற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது. சிவப்பில் போனார் என்று அவரைப் பிடித்து அபராதம் போடுவதற்கு முன்னால் இறங்குபாதையின் மஞ்சளை அளந்து பார்க்க வேண்டும்.

ஒரே சிக்னல், காலையில் சரியாக இருக்கிறது, மத்தியானம் சொதப்புகிறது. ஏன்?

எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வண்டி வேறு. 7 மீட்டர் அகலச் சாலை, மீட்டருக்கு 525 என்ற இந்தியக் கணக்கின்படி, இடைவிடாத பச்சையில் மணிக்கு 3,675 கார் அளவு வண்டிகளை விடும். 90 விநாடிச் சுற்றில் 30 விநாடிப் பச்சை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,225. டூவீலரைப் பாதிக் காராகக் கொண்டால் 2,450 டூவீலர் போகலாம். லாரியை மூன்று காராகக் கொண்டால் 400 லாரி. தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் டூவீலர் வெள்ளம் 15 விநாடியில் வடிந்துவிடும், மிச்சப் பச்சை வெறிச்சோடும். மத்தியானம் லாரிகளுக்கு அதே 30 விநாடி பற்றாது.

ஒரே திட்டத்தை நாள் முழுக்க ஓட்டுவது அதனால்தான் பலிக்காது. குறைந்தது நான்கு திட்டம் வேண்டும்: காலை, பகல், மாலை, இரவு. இந்த எல்லைக்கு ஐந்தாவதும் வேண்டும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வேனும் பஸ்ஸும் தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகத்திலிருந்து இரவெல்லாம் வாளையார் வழியாக வருகின்றன. நள்ளிரவுத் திட்டம் அந்த இரண்டு மாதமும் உதவாது. ஓணத்துக்கு முந்தைய நாட்களுக்கும் அப்படியே.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை நின்றபின் லாரிகள் எல்லையில் தேங்கிக் கிடப்பது குறைந்தது. முன்பு கொத்தாக விடப்பட்ட லாரிகள் இப்போது பரவலாக வருகின்றன. அதற்கு முந்தைய எண்ணிக்கையை வைத்துப் போட்ட நேரம் எங்காவது இன்னும் ஓடினால் உடனே மறுபடி எண்ண வேண்டும்.

கோவையில் பல இடத்தில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்னும் ரவுண்டானாவும் வைத்தார்களே. இங்கேயும் செய்யலாமே?

வண்டிக்கு நல்லதுதான். நேராகப் போகிறவர் நிற்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு இதில் ஒரு தீராத மனக்குறை உண்டு. சிவப்பே விழாத சாலையை நடந்து கடப்பது எப்படி? பள்ளிக்கூடப் பிள்ளை, பால் கேனோடு வருகிறவர், பஸ்ஸிலிருந்து இறங்கிய பாட்டி, இவர்களுக்குக் கிடைத்த ஒரே இடைவெளி அந்தச் சிவப்புதான். யூ டர்ன் வைத்தால் அதற்கு முன்னால் நடப்பவருக்கென்று பொத்தான் சிக்னலும் வைக்க வேண்டும். பாரவண்டி திரும்ப இடமும் வேண்டும். சாலையின் நடுத்திட்டு குறுகலாக இருந்தால் டிரெய்லர் ஒரே வீச்சில் திரும்பாது, மூன்று தடத்தையும் மறித்து முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும்.

சென்னை கத்திப்பாரா மாதிரி பூவிதழ்ப் பாலம் கட்டினால் சிக்னலே வேண்டாமே?

2008-ல் திறந்த கத்திப்பாரா பல பெருஞ்சாலைகள் கூடும் இடம். ஊர்ச்சாலைக்கு அவ்வளவு நிலமும் பணமும் போடுவது நியாயமில்லை.

நடந்து கடக்க எத்தனை விநாடி வேண்டும்?

வழக்கமான கணக்கு விநாடிக்கு 1.2 மீட்டர். 12 மீட்டர் சாலைக்கு 10 விநாடி. மூட்டுவலிக்காரருக்கு 0.8 என்று கொள்ளுங்கள், 15 விநாடி. சந்தை, மருத்துவமனை, பஸ் ஸ்டாப் அருகே இந்த 15-ஐத்தான் வைக்க வேண்டும். வண்டிக்குப் பச்சை 12 விநாடி போதும் என்று கணக்கு வந்தாலும் 15-க்குக் கீழே இறங்கக் கூடாது. நடப்பவரின் நேரத்தை முதலில் எழுதிவிட்டு மிச்சத்தை வண்டிக்குப் பிரிப்பதே முறை. ஃப்ரீ லெஃப்ட் இருக்கும் மூலையில் நடப்பவருக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. மக்கள் அதிகம் நடக்கும் மூலையில் அதை நிறுத்துவதுதான் சரி.

இரவு 11 மணிக்கு மேல் மஞ்சளை மினுக்க விடலாமா?

பாலத்திலிருந்து இறங்குபாதை வந்து சேரும் இடத்தில் வேண்டாம். நெடுஞ்சாலை வேகம் காலில் இருந்து இறங்கியிருக்காது. 40 முதல் 45 விநாடிச் சுற்றில் சிக்னலை ஓடவிட்டால் யாரும் முக்கால் நிமிடத்துக்கு மேல் நிற்கப்போவதில்லை.

யாரிடம் சொல்வது? எல்லை தாண்டினால் ஆள் மாறுகிறதே.

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033 இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். விளக்கு எரியவில்லை, கம்பம் சாய்ந்துவிட்டது என்றால் அதில் சொல்லலாம். பச்சை நேரத்தை மாற்றுவது பொதுவாக அந்தந்த மாநிலப் போக்குவரத்து போலீஸ் கையில். கேரளத்தில் பல சிக்னல்களை அமைத்துப் பராமரிப்பது அந்த மாநில அரசின் கெல்ட்ரான் நிறுவனம்.

மனுவில் "நெரிசலாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அது ஃபைலில் போய்ப் படுத்துக்கொள்ளும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பாலத்தடியில் அரை மணி நேரம் நில்லுங்கள். இரண்டு சிக்னலின் சுற்று நேரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் பச்சை எத்தனை விநாடி, அந்தப் பச்சையில் வரிசை முழுக்கக் காலியாகிறதா, எத்தனையாவது விநாடியில் சாலை வெறிச்சோடுகிறது, சிவப்பு விழும்போது நடு இடத்தில் எத்தனை வண்டி மாட்டி நிற்கிறது என்று எழுதுங்கள். தேதி, மணி, எந்தப் பக்கம் என்பதையும் சேருங்கள். நடந்து கடக்கிறவர் பாதியில் மாட்டியதைப் பார்த்தால் அதைத் தனியாக, முதல் வரியிலேயே எழுதுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு தாள் போதும்.